துருப்பிடித்த பாலத்துக்கு எது: ஃபிலிமா, டிஜிட்டலா?

கடலூரில் கெடிலம் ஆற்றின் பழைய இரும்புப் பாலத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கக் கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஃபிலிமா டிஜிட்டலா என்பதுதான். அதற்கு முன்னால் இரும்பின் நிறத்தைப் பாருங்கள் என்பேன். சாம்பல் பெயின்ட் அடித்த சட்டம் எதில் எடுத்தாலும் சாம்பல்தான். துருப்பிடித்தது அப்படியில்லை.

துரு ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் அது வெளுத்துவிடும், பின்னால் இருக்கும் நீல வானம் கறுத்துவிடும். சிவப்பே தெரியாத ஆர்த்தோ ஃபிலிமில் நேர் எதிர்: இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் 80-ல் துரு கறுக்கும், வானம் வெளுக்கும். ரிவெட் தலையைச் சுற்றிச் செதில் செதிலாக உரிந்து நிற்கும் துருவைக் கிட்டத்தில் போய் எடுக்க எனக்கு ஆர்த்தோதான் பிடிக்கும். ஒவ்வொரு செதிலும் மை தொட்டு வரைந்த மாதிரி வரும்.

டிஜிட்டலில் இந்த இரண்டையும் ஒரே ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு, ஆரஞ்சு ஸ்லைடர்களை ஏற்றினால் துரு வெளுக்கும், இறக்கினால் கறுக்கும். இந்த வசதிக்குப் பக்கத்தில்கூட ஃபிலிம் வர முடியாது. ஆனால் நீல ஸ்லைடரை இழுத்து வானத்தைக் கறுப்பாக்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டமும் வானமும் சந்திக்கும் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு கிளம்பியிருக்கும், வானத்தில் பொடிப் பொடியாக நாய்ஸ் தெரியும். கான்கிரீட் பாலத்தில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய இரும்பில் எங்கு பார்த்தாலும் ஓரம், ஓரமெல்லாம் கோடு. ஃபில்டர் வெளிச்சத்தையே வடிகட்டி அனுப்புவதால் ஃபிலிமுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அப்படியானால் அதே சிவப்பு ஃபில்டரை டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் என்ன? சாதாரண கலர் சென்சாரில் நான்கில் ஒரு பிக்ஸல்தான் சிவப்புக்கு. மற்றவை ஏறக்குறைய சும்மா இருக்கும், நுணுக்கம் போய்விடும். லைக்கா, பென்டாக்ஸ் விற்கும் கறுப்பு வெள்ளை சென்சார் கேமராக்களில் அந்தப் பிரச்சினை இல்லை. விலையைப் பார்த்துவிட்டு நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

ஃபில்டருக்கும் பருவம் உண்டு. மழை ஓய்ந்த மார்கழி, தை நாட்களில் வானம் நல்ல நீலமாக இருக்கும், ஆரஞ்சு ஃபில்டரே போதும். சித்திரையில் இங்கே வானம் வெளிறிக் கிடக்கும். வெள்ளை வானத்தை எந்த ஃபில்டரும் கறுக்க வைக்காது. சிவப்பு ஃபில்டர் தண்டத்துக்கு 3 ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), 1/250 நொடியில் எடுக்க வேண்டிய படம் 1/30-க்கு இறங்கும். பிரதிபலிப்பை வடிகட்டும் போலரைசர் ஃபில்டர், பெயின்ட்டின் மேல் விழும் பளபளப்பைக் குறைக்கும், வெற்று இரும்பின் பளபளப்பிடம் அதன் ஜம்பம் பலிக்காது.

புதுச்சேரியில் 1866-ல் கட்டிய இரும்புத் துறைமுகப் பாலம் 1952 புயலோடு போனது. பிறகு வந்த கான்கிரீட் பாலத்திலும் ஒரு பகுதி 2022-ல் இடிந்து விழுந்தது. எதிர்வெளிச்சம் என்றால் என்னவென்று அங்கே தெரியும்: காலையில் சூரியன் கடலிலிருந்து நேராக லென்ஸுக்குள் அடிக்கும். நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், அதனால் நிழலுக்கு அளந்து எடுக்கலாம். டிஜிட்டலில் வெளிச்சத்துக்கு அளந்துவிட்டு நிழலை அப்புறம் தூக்கிக்கொள்ள வேண்டும். இதில் இரண்டும் சமம்தான்.

ஃபிலிம் தோற்கும் இடம் வீட்டுக் குழாய். டெவலப் செய்யும் நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரிக்குப் போட்டவை, மே மாதம் நம் குழாயில் வருவது 30-ஐத் தாண்டும். ஐஸ் போட்ட வாளியில் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தி, தெர்மாமீட்டரோடு காவல் இருக்க வேண்டும். கரையோரத்து போர் தண்ணீரில் உப்பு வேறு. நெகட்டிவ் காய்ந்ததும் திட்டுத் திட்டாகப் படியும். கடைசி அலசலுக்கு, பேட்டரிக்கு ஊற்ற வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

ஆக, தை மாத நீல வானத்தில் முழுப் பாலம் வேண்டுமென்றால் ஃபிலிமும் ஆரஞ்சு ஃபில்டரும். துருவின் கிட்டத்துப் படத்துக்கு, செலவு செய்யத் தயாரென்றால் ஆர்த்தோ. மீதி எல்லாவற்றுக்கும், முக்கியமாகக் கோடைக்கு, டிஜிட்டல் ரா. ரயில் பாலமாக இருந்தால் எந்தக் கேமராவானாலும் கரையில் நின்றே எடுங்கள், அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் ஏறுவது 1989 ரயில்வே சட்டப்படி குற்றம்.