ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் மாட்டப் போய் 15,500 ரூபாய் போச்சு, மதுரைக்காரர்கள் கவனம்

இன்று மதியம் நாலாவது தடவையாக அந்தக் கடைப் படியேறி இறங்கிவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. போனது 15,500 ரூபாய். ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கிற தொலைநோக்கி, 11,500. அதைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்துகிற மவுண்ட் 3,200. மாட்டி ஜீரோ பிடித்துக் கொடுத்த கூலி, அதாவது குறி பார்க்கிற இடத்திலேயே குண்டு விழுகிற மாதிரி சரிசெய்ததற்கு, 800. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், புகார் முடிகிறவரை போட மாட்டேன். மதுரைக்குள் விளையாட்டுச் சாமானும் ஏர் கன்னும் சேர்த்து விற்கிற ஒரு கடை. இப்போதைக்கு அவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இது வேட்டைக்கு இல்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி இப்போது முயலோ காடையோ எதைச் சுட்டாலும் கேஸ்தான், ஏர் கன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு இருப்பது வாடிப்பட்டிப் பக்கம் மாமனார் தோப்பில் மண் மூட்டையை அடுக்கி, அதற்கு முன்னால் அட்டை வைத்துச் சுடுகிற பழக்கம். காலேஜில் என்.சி.சி.யில் .22 டீலக்ஸ் ரைபிளைக் கையில் வாங்கிய நாளிலிருந்து இருக்கிற ஆசை. பல வருடம் கழித்துத்தான் சொந்தமாக ஒரு ஸ்பிரிங் ஏர் ரைபிள் வாங்கினேன், .177 அளவுக் குண்டு போடுவது. குழலை மடக்கி லோடு பண்ணுகிற மாடல். இப்போது நாற்பத்தேழு வயது, வெள்ளெழுத்து வந்துவிட்டது. பின்குறி, முன்குறி, அட்டை மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடிவதில்லை, ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டும் மங்குகிறது. அதற்காகத்தான் ஸ்கோப் வாங்கப் போனேன். தீபாவளி போனஸில் எடுத்து வைத்த பணம் அது.

கடைக்காரர் என்னை விட மூத்தவர். உட்கார வைத்து டீ சொன்னார். ரைபிளைக் கையில் வாங்கிப் பார்த்த விதமே பல வருடம் பழகியவர் மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக, கனமாக ஒரு ஸ்கோப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“தம்பி, இது பெரிய துப்பாக்கிக்கு மாட்டுற சாமான். வெளிநாட்டுல மான் வேட்டைக்குப் போறவன் இதைத்தான் வச்சிருக்கான். அந்த உதைக்கே அசையாம நிக்கும். உங்க ஏர் கன்னு என்ன பிரமாதம்?”

இந்தப் பேச்சில்தான் விழுந்தேன். கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தானே படும்? பெரிய உதையைத் தாங்குவது சின்ன உதையைத் தாங்காதா?

தாங்காது. இதை அப்புறம் தெரிந்துகொள்ள எனக்கு 15,500 ரூபாய் ஆனது. தோட்டாத் துப்பாக்கி பின்பக்கமாக மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிள் அப்படி இல்லை. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் முட்டியதும் மொத்தத் துப்பாக்கியும் வெடுக்கென்று முன்னால் இழுக்கும். ஒரே சூட்டில் இரண்டு பக்கமும் அடி. பின்னால் வருகிற உதைக்கு மட்டும் முட்டுக் கொடுத்துச் செய்த ஸ்கோப்பில் இந்த எதிர்ப்பக்கத்து அடி விழும்போது உள்ளே லென்ஸும் குறி பார்க்கிற குறுக்குக் கோடும் கழன்றுவிடும். ஏர் ரைபிளுக்கு என்று தனியாக ஸ்கோப் செய்து விற்பதே இதனால்தான். ஏர் கன் விற்றுப் பிழைக்கிறவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய துப்பாக்கி ஸ்கோப்பைப் பெரும்பாலும் 100 கஜ தூரத்தில் பார்வை சரியாக வருகிற மாதிரி கம்பெனியிலேயே நிலைப்படுத்தி அனுப்புவார்கள். நான் சுடுவது 20 மீட்டர். அட்டை மங்கலாகத்தான் தெரிந்தது. கன்னத்தைக் கொஞ்சம் அசைத்தாலும் குறுக்குக் கோடு அட்டையில் மேய்ந்தது.

மவுண்ட் விஷயத்துக்கு வருகிறேன், மனசு அதிகம் கொதிப்பது அதில்தான். என் ரைபிள் மேல் இருப்பது 11 மில்லி டவ்டெயில் பள்ளம், மவுண்ட் கவ்விப் பிடிக்கிற இடம். அதன் பின்பக்கம் சின்னதாக ஒரு குழி உண்டு. கடையில் நானே விரலை வைத்துக் காட்டிக் கேட்டேன், “இந்தக் குழி எதுக்குண்ணே?”

“அது கம்பெனி டிசைன் தம்பி, கண்டுக்காதீங்க.”

அந்தக் குழி ஸ்டாப் பின் உட்காருகிற இடம். மவுண்டின் அடியிலிருந்து ஒரு சின்னக் கம்பி அதற்குள் இறங்கி நின்றால்தான் ஸ்பிரிங் அடிக்கிற அடியில் மவுண்ட் பின்னால் நகராது. அவர் எனக்கு விற்ற மவுண்டில் அந்த ஸ்டாப் பின்னே கிடையாது. கேள்வி கேட்ட வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே அப்படி ஒரு பதிலைச் சொல்ல மனசு எப்படி வந்தது?

மாட்டுகிற வேலையைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். “தூசி படக் கூடாது சார், வெளியே இருங்க” என்று கடைப் பையன் சொன்னான். இருபது நிமிடத்தில் வெளியே கொண்டுவந்து, லேசர் வைத்து ஜீரோ பிடித்தாயிற்று என்றான். நானும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு 15,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். கையில் கிடைத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. பில் கேட்டதற்கு, “பில் போட்டா 18 பர்சென்ட் ஏறும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு” என்றார். எனக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தோப்பில் முதல் இருபது குண்டு ஒரு கொய்யாப்பழ அளவுக்குள் விழுந்தது. அடுத்த இருபது அட்டை முழுக்கச் சிதறியது. திருகிச் சரிசெய்யலாம் என்று பார்த்தால் ஸ்கோப்பில் குறியை ஏற்றி இறக்குகிற மேல்-கீழ் திருகு ஏற்கெனவே கடைசி வரை போய் நிற்கிறது, இதற்கு மேல் திரும்ப இடமில்லை. மடக்குகிற குழல் பலதும் முனையில் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கும். அதை மவுண்டிலேயே சரிக்கட்ட வேண்டும். ஸ்கோப் திருகைக் கடைசி வரை முறுக்கி ஒப்பேற்றினால் உள்ளே ஸ்பிரிங்குக்குப் பிடிப்பு இல்லாமல் குறி நிற்கவே நிற்காது. 800 ரூபாய் கூலிக்கு நடந்த ஜீரோ இதுதான்.

முதல் தடவை போய்ச் சொன்னேன். “உங்களுக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியலை தம்பி, பழகப் பழக வந்துரும்.” இருபது குண்டை ஒரே இடத்தில் போட்டவனுக்கு இருபத்தொன்றாவது குண்டில் மூச்சு மறந்துபோகுமா? இரண்டாவது தடவை, “ஓனர் வெளியூர் போயிருக்கார்.” அவர் வண்டி வாசலில் நின்றது. அதற்குள் ஸ்கோப்பை லேசாக ஆட்டினாலே உள்ளே கலகலவென்று சத்தம் வர ஆரம்பித்திருந்தது. மூன்றாவது தடவை போட்டோ எடுத்துக்கொண்டு, “கம்பெனிக்கு அனுப்பியிருக்கோம், நாங்களே கூப்பிடுறோம்” என்றார்கள். கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் முழு ரிங் போய்க் கட்டாகும். ஒவ்வொரு தடவையும் வாடிப்பட்டியிலிருந்து பைக்கில் வந்து போன பெட்ரோல் தனி.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானிடம் கொண்டு போனேன். அவர் லேத் பட்டறையில் இருக்கிறவர், மில்லிக் கணக்கில் வேலை பார்க்கிறவர். வெர்னியர் வைத்து அளந்தார். ஸ்கோப் குழாய் 25.4 மில்லி. மவுண்ட் வளையம் 30 மில்லி. 4.6 மில்லி வித்தியாசம். “இது எப்படிய்யா நிக்குது?” என்று கேட்டுக்கொண்டே ஆலன் கீயைப் போட்டால் ஒரு ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது, மரை போயிருந்தது. மற்றதைக் கழற்றி மேல் வளையத்தைத் தூக்கினார். உள்ளே சைக்கிள் டியூப். கத்தரியால் வெட்டிய ரப்பர் துண்டு, மூன்று சுற்று. ஓரத்தில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் காய்ந்து மஞ்சளாக இருந்தது. ரப்பரை இறுக்கவேண்டி முரட்டுத்தனமாக முறுக்கியதில் ஸ்கோப் குழாயில் வளையம் கடித்த தடம் பதிந்து கிடந்தது. ரைபிள் பள்ளத்தின் மேல் மவுண்ட் பின்னால் இழுத்த இடத்தில் கறுப்பு உரிந்து வெறும் இரும்பு பளபளத்தது. மச்சான் ஒன்றும் பேசவில்லை. ரப்பரை எடுத்து என் கையில் வைத்தார்.

அதை எடுத்துக்கொண்டுதான் இன்று போனேன். ஓனரே இருந்தார். மேசையில் ரப்பரை வைத்தேன். அதைப் பார்க்கக்கூட இல்லை.

“ஏர் கன்னுல மாட்டினா இந்த ஸ்கோப்புக்கு வாரண்டி கிடையாது தம்பி. அதுவும் நீங்களே கழட்டிட்டீங்க.”

அதே மேசை, அதே மனுஷன். “ஏர் கன்னு என்ன பிரமாதம்” என்று சொன்ன அதே வாய். வார்த்தையே வரவில்லை எனக்கு. பக்கத்தில் இன்னொரு பையனுக்கு, இருபது வயது இருக்கும், டீ வந்துகொண்டிருந்தது. அவனிடம் மட்டும் “பில் வாங்காம காசு கொடுக்காதப்பா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எப்படி வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஸ்கோப் குழாய் 25.4-ஆ 30-ஆ, வளையமும் அதேதானா என்று கடையிலேயே அளக்கச் சொல்லுங்கள். ரைபிளில் 11 மில்லிப் பள்ளமா, 21 மில்லிப் பிக்காட்டினி என்கிற அகலமான, குறுக்கே வெட்டு விழுந்த தண்டவாளமா என்று தெரிந்துகொண்டு போங்கள். ஸ்பிரிங் ரைபிள் என்றால் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட், முடிந்தால் ஒரே துண்டாக இருப்பது. ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு என்று பெட்டியில் அச்சடித்திருக்காத ஸ்கோப்பைத் தொடாதீர்கள். கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள், திரைக்குப் பின்னால் போனால் சாமானைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வளைய ஸ்க்ரூவை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வருகிற மாதிரி முறுக்க வேண்டும், முரட்டு இறுக்கு வேண்டவே வேண்டாம். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சாயங்காலமே பேசிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. 15,500 ரூபாய்க்கு என் கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு, மச்சான் எடுத்த போட்டோக்கள், அந்த ரப்பர் துண்டு. மூன்றையும் ஒரே கவரில் போட்டுப் பின் அடித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் மனு கொடுக்கிறேன்.