கண்டியா, மகரகமவா?

சூலகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஹட்டன் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று கேட்கும் முதல் கேள்வி இதுதான். என் சித்தியை இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போனவள் நான்.

செலவு: இரண்டும் அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சை இலவசம். பெரும்பாலும் போவது பஸ் காசும், துணைக்கு வருபவரின் அன்றைய பேரும் (நாள் சம்பளமும்) தான்.

தூரம்: கண்டி ஏறக்குறைய 70 கிலோமீட்டர், மகரகம 100க்கும் மேல். கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு முறை வரை போகும். ஒவ்வொரு முறையும் மகரகமவிலிருந்து கித்துல்கல மலைப்பாதை வளைவுகளில் வாந்தியோடு திரும்பி வந்து, அப்புறம் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) படிகளையும் ஏறிப் பாருங்கள், அப்போதுதான் அந்தத் தூரம் என்னவென்று புரியும்.

ஆபரேஷன்: மகரகம நாட்டின் முதன்மைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி, சிக்கலான கட்டி என்றால் நான் அங்கேதான் போகச் சொல்வேன்.

மொழி: கண்டியில் தமிழில் பேச ஆள் கிடைத்தது. மகரகமவுக்கு சிங்களம் தெரிந்த ஒருவர் கூட வரட்டும்.

கொழும்புப் பக்கம் தங்க சொந்தக்காரர் வீடு இருந்தால் மகரகம சரி. இல்லாதவர்கள் ஆபரேஷனை அங்கே செய்துவிட்டு, கீமோவைக் கண்டியில் போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டு, கடிதம் வாங்குங்கள். சித்திக்கு அப்படித்தான் செய்தோம்.

ஆனால் அதற்கு முன்பே நான்கு மாதம் கேஸ்ட்ரிக் மாத்திரையில் போய்விட்டது. வயிறு உப்பி, இரண்டு வாய் சோற்றிலேயே நிறைந்து, அது வாரக்கணக்கில் நீடித்தால், ஸ்கேன் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள் அக்கா.