நெல்லை நெரிசல்: மேற்கே புறவழியா, ஊருக்குள் அகலப்படுத்தலா?

தென்காசி பக்கமிருந்து தூத்துக்குடிக்குப் போகிற லாரிக்கு நெல்லை ஊருக்குள் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அதற்கு நேர்வழி பேட்டை, டவுன் வழிதான். கிழக்கே கே.டி.சி. நகரை ஒட்டி நான்குவழிச்சாலை இருக்கிறது. மேற்கே அப்படி ஒன்று இல்லாததுதான் குறை.

புறவழி போட்டால் இந்த லாரிகள் விலகும். ஆனால் ஜங்ஷனுக்கும் டவுனுக்கும் வருகிற பஸ், ஆட்டோ, பைக் அப்படியேதான் இருக்கும். செலவை விட எனக்குப் பயம் தண்ணீர்தான். மேற்கே வயலும் வாய்க்காலும் அதிகம். சாலைக்காக மண்மேடு எழுப்பினால், 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் வரும்போது அது குறுக்கணை ஆகிவிடும். சிறுபாலங்களை வாய்க்கால் அளவுக்கு இல்லாமல் வெள்ள அளவுக்குக் கட்ட வேண்டும். நிலம் எடுக்கவும் நாளாகும்.

அகலப்படுத்துவது? நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் எங்கே போய் அகலப்படுத்துவது! 1973-இல் திறந்த ஈரடுக்குப் பாலம் ஜங்ஷனில் ரயில்பாதையைத் தாண்ட வைத்தது. இறங்கிய பிறகு தெரு பழைய தெருதான். சந்திப்புகளைச் சீராக்குவது, கடை முன் பார்க்கிங்கை ஒழிப்பது மட்டும் உடனே நடக்கும்.

என் ஓட்டு புறவழிக்கு, தண்ணீர்க் கணக்கை முதலில் போட்டால்.