‘பிகினர் பேட்ச்’ போர்டை நம்பிச் சேராதீர்கள்: சென்னையில் ஜியு ஜிட்சு அனுபவம்

பெங்களூரிலிருந்து மாற்றலாகி வரும் நண்பன் கேட்டான், ‘சென்னையில் பிஜேஜே (தரையில் மடக்கிப் பிடிக்கும் பிரேசிலியன் ஜியு ஜிட்சு) எங்கே சேரலாம், எனக்கு அ, ஆ கூடத் தெரியாது’ என்று. அவனுக்கு அடிக்க ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஓஎம்ஆர் பக்கம் ஓர் இடத்துக்கு ஒரு வருடத்துக்கு மேலாகப் போய்வருகிறேன். பெயர் வேண்டாம், வேறு இடங்களுக்குப் போகிறவர்களும் இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள்.

வாசலில் ‘பிகினர் பேட்ச், மாலை 7 மணி’ என்று போர்டு இருக்கிறது, உள்ளே அப்படி ஒரு பேட்ச் இல்லை. ட்ரையல் கிளாஸ் அன்று மட்டும் ஒருவர் தனியாகப் பக்கத்தில் இருந்து ஷ்ரிம்ப் (இடுப்பை நகர்த்தி விலகுவது), பிரிட்ஜ் (இடுப்பைத் தூக்குவது) எல்லாம் பொறுமையாகக் காட்டுவார். பணம் கட்டினீர்களா, அடுத்த வகுப்பே டி லா ரீவா கார்ட். மல்லாந்து படுத்துக்கொண்டு, நிற்பவனின் முன்காலை வெளிப்பக்கமாகச் சுற்றி நம் காலால் கொக்கி போட வேண்டும், ஒரு கை அவன் குதிகாலில், இன்னொன்று அவன் சட்டைக் கையில். நெஞ்சில் ஏறி உட்கார்ந்தவனை இறக்கவே தெரியாதவன் இதை வைத்து என்ன செய்வான்? அப்புறம் டைமர் அடித்ததும் ரோலிங், அதாவது நிஜமாகவே மல்லுக்கட்டிப் பழகுவது. டெட்லிஃப்ட் போட்டே வளர்ந்த 90 கிலோ ஆள் ஒருவர் சைட் கன்ட்ரோலில், அதாவது பக்கவாட்டிலிருந்து குறுக்காக, மேலே படுத்து அழுத்துவார், மூச்சுக்குத் திண்டாடுவதுதான் அன்றைய பாடம்.

கோச்சிடம் சொன்னால் ராய்ஸ் கிரேசி கதை வரும். 1993-ல் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் தன்னைவிடப் பெரிய ஆட்களை மடக்கி ஜெயித்தவர், டெக்னிக் இருந்தால் எடை பெரிதில்லை. சரிதான் சார், ஆனால் அவர் அப்பா ஹீலியோவிடம் சின்ன வயசிலிருந்தே கற்றுக்கொண்டு வந்தவர். நான் ஆபீஸிலிருந்து மெட்ரோ பள்ளங்களையெல்லாம் தாண்டி வருகிறவன்.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மாலையில் வருவதே பத்துப் பதினைந்து பேர். அதில் புதுசு, நீல பெல்ட், ஊதா பெல்ட் என்று பிரித்தால் வாடகை கட்ட முடியாது. நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகவே குறைந்தது 2 வருடம் என்பது சர்வதேச அமைப்பான ஐபிஜேஜேஎஃப்பின் விதி. அத்தனை காலம் ஒருவரைத் தக்கவைக்க வேண்டுமென்றால் தினமும் ஷ்ரிம்ப் போடச் சொல்ல முடியாது, ஓடிவிடுவார்.

எனக்கு உருப்படியாக ஏதாவது வந்தது என்றால் அது வகுப்பு முடிந்த பிறகுதான். ஊதா பெல்ட் அண்ணன் ஒருவர், நான் மவுண்டில், அதாவது நெஞ்சில் ஏறி உட்கார்ந்தவனுக்கு அடியில், மாட்டிக்கொண்டு கைகளால் தள்ளித் தள்ளிச் சோர்வதைப் பார்த்துவிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “தம்பி, தள்ளாதீங்க. அவர் கையைப் பிடிச்சு மார்போட ஒட்டிக்கோங்க, அதே பக்கம் அவர் பாதத்தை உங்க காலால பூட்டுங்க, இப்ப இடுப்பைத் தூக்கி அந்தப் பக்கமே உருளுங்க.” அடுத்த வாரம் அந்த 90 கிலோ ஆள் உருண்டார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதை முதல் மாதமே சொல்லித் தந்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

கோச் தங்கமான மனிதர், பயிற்சிப் பாயைத் தினமும் துடைக்கிறார்கள், போதும் என்று கையால் தட்டி டேப் செய்தால் அந்த நொடியே விடுகிறார்கள், யாரும் வீரம் காட்டுவதில்லை. இத்தனைக்கும் நண்பனிடம் நான் சொல்லப்போவது, அங்கே சேராதே என்பதுதான். எந்த இடமாக இருந்தாலும் ட்ரையலை நம்பாதே, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஓரமாக உட்கார்ந்து பார். புதுசாக வந்தவன் யாரோடு ரோல் செய்கிறான், சைட் கன்ட்ரோலிலிருந்து வெளியே வர அவனுக்கு யாராவது சொல்லித் தருகிறார்களா என்று பார்த்துவிட்டு மூன்று மாதப் பணத்தைக் கட்டு. நான் அடுத்த மூன்று மாதத்துக்கும் கட்டியாகிவிட்டது, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒன்று மட்டும், எங்கே சேர்ந்தாலும் கி (பயிற்சி உடை) இரண்டு செட் வாங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தத் தடிப் பருத்தி ஃபேனுக்கடியில் போட்டாலும் ஒரு நாளில் காயாது. காயாததை மாட்டிக்கொண்டு வந்தால் பார்ட்னர் கிடைக்க மாட்டார். வெந்நீரிலும் முக்காதீர்கள், சுருங்கிவிடும்.