பிளாப்பியில் தொடங்க மறுத்த கணினி: குன்னூர் பழுதுநீக்கும் கடையின் சேவை

கோத்தகிரிப் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையையும் பட்டுவாடாவையும் பதிவு செய்யும் மென்பொருள் விண்டோஸ் 98-இல் மட்டுமே ஓடுகிறது. அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதானதால், வேறொரு பழைய டிஸ்க்கைப் பொருத்தி இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவ வேண்டியதாயிற்று. சி.டி.யிலிருந்து நேரடியாகத் தொடங்கும் வசதி அந்த மதர்போர்டில் இல்லை. ஆகவே கணினியைத் தொடங்கவைக்க, அலுவலக அலமாரியில் இருந்த பிளாப்பியை (பழைய நெகிழ்வட்டை) போட்டால், ‘இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க்’ (செல்லாத சிஸ்டம் டிஸ்க்) என்று திரையில் காட்டிவிட்டு நின்றது. விசாரித்த இடங்களிலெல்லாம் புதிய கணினி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய சிறிய பழுதுநீக்கும் கடையில் மட்டும், திரையில் வந்த வாசகம் என்ன என்று முதலில் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்காகவே இக்கடையைப் பாராட்ட வேண்டும். அந்த வாசகம் பிளாப்பியின் முதல் செக்டாரிலேயே (தரவு பதியும் சிறு பகுதியிலேயே) எழுதப்பட்டிருப்பது என்பதால், அது திரையில் தெரிந்தாலே டிரைவும் கேபிளும் பயாஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளில்) உள்ள தொடக்க வரிசையும், அதாவது எந்த டிரைவிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற அமைப்பும், அந்தச் செக்டாரைப் படிக்கும் அளவுக்கேனும் வேலை செய்கின்றன என்று கடைக்காரர் விளக்கினார். காணாமற்போனது, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் ஐ.ஓ.சிஸ் என்ற கோப்பு. அது மறைக்கப்பட்ட கோப்பு. சாதாரணமாக நகல் எடுக்கும்போது விடுபட்டுப் போகும். கடையில் விண்டோஸ் 98 ஓடும் கணினி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார்கள். அதன் கன்ட்ரோல் பேனல் வழியாகவே புதிய தொடக்கப் பிளாப்பியைத் தயாரித்தார்கள்.

புதிய பிளாப்பி எங்கள் கணினியில் பாதி வரை ஓடி நின்றது. கடையின் கணினியிலோ தடையின்றி ஓடியது. ஆகவே குறை எங்கள் டிரைவில்தான் என்று முடிவு செய்து கழற்றிப் பார்த்தபோது, பிளாப்பியைத் தொட்டுப் படிக்கும் அதன் ஹெட்டில் பூஞ்சணம் படிந்திருந்தது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையிலும் நனையும் நீலகிரியில், உறையில்லாமல் வைத்த பிளாப்பிகளில் பூஞ்சணம் பிடிப்பது எளிது. அத்தகைய ஒன்றைப் போட்டால் ஹெட்டில் அழுக்கு ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்த பிறகே அவர்கள் மறுமுறை முயன்றார்கள். கையோடு மதர்போர்டின் சி.ஆர். 2032 பேட்டரியையும் மாற்றினார்கள். அது தீர்ந்துபோனால் தொடக்க வரிசையும் டிரைவின் வகையும் பயாஸின் நினைவிலிருந்து அழிந்துவிடும் என்பதால், கேட்காமலே செய்த இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பலர் தடுமாறும் ஓர் இடத்தையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். விண்டோஸ் 98 தொடக்கப் பிளாப்பி, நினைவகத்தில் 2 எம்.பி. அளவுக்கு ஒரு தற்காலிக டிரைவை உருவாக்கி, தன் கருவிகளை அதில் விரித்து வைக்கிறது. ஹார்டு டிஸ்க் சி என்றால் அந்தத் தற்காலிக டிரைவு டி ஆகிவிடும், சி.டி. டிரைவு ஈ-க்குத் தள்ளப்படும். டி-யில் விண்டோஸை நிறுவும் செட்டப் கோப்பைத் தேடிவிட்டு, சி.டி. பழுது என்று முடிவு கட்டுவோர் உண்டாம்.

குறைகளும் உண்டு. செய்த வேலையை விவரித்து ரசீது தருவதில்லை. எங்களைப் போன்ற தொழிற்சாலைகளுக்குக் கணக்கில் காட்ட அது தேவை. மாற்று பிளாப்பி டிரைவும் அவர்களிடம் கையிருப்பில் இல்லை. எங்களுடையது துடைத்ததும் பிழைத்துக்கொண்டது, இல்லையேல் வெளியூரில்தான் தேடியிருக்க வேண்டும். கூலி நியாயமானது. தொடக்கப் பிளாப்பியின் இன்னொரு நகலையும், யாரும் தவறி மேலெழுதிவிடாதபடி அதன் எழுத்துத் தடைச் சாளரத்தைத் திறந்து வைத்துப் பாதுகாப்பாகக் கொடுத்தார்கள்.

இங்கே செல்வோர் பிளாப்பியை மட்டும் எடுத்துச் செல்லாமல் கணினியையும் கொண்டுபோவது நல்லது. ஹெட்டின் சீரமைப்பு சற்று விலகிய டிரைவில் எழுதிய பிளாப்பியை வேறொரு டிரைவு படிக்காமல் போகலாம். இரண்டையும் சேர்த்துச் சோதித்தால்தான் குறை எதில் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியும்.