சீட்டுப் பணம் 45 ஆயிரம்: பென்ஷனுக்கா, ஆரி ஊசிக்கா?

என் தங்கை வீட்டுக்காரர் தையல்காரர். மதுரை புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்தவர். அங்கிருந்து கடைகளை மாற்றியபோது குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்தார். வயது 36. இந்த வைகாசியில் சீட்டு விழுந்து 45,000 ரூபாய் கைக்கு வந்தது. பென்ஷனில் போட வேண்டும் என்கிறாள் தங்கை. ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் துணியில் ஜரிகை, மணி கோத்துப் போடும் பூவேலை) கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. "மச்சான், நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்று நோட்டை என் பக்கம் தள்ளினார்.

முதலில் பென்ஷன். 30 வயதில் மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டமான அடல் பென்ஷன் யோஜனாவில் சேர்ந்தவர். வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 116 ரூபாய் தானாகப் போகிறது. 60 வயதானதும் மாதம் 1,000 ரூபாய் வரும். அன்றே 5,000 ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்திருந்தால் மாதம் 577 கட்டியிருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை தொகையை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் இனிமேல் 577 கட்டினால் மட்டும் போதாது. விட்டுப்போன வித்தியாசம் மாதம் 461. அதை ஆறு வருடத்துக்கும் 8 சதவீத வட்டியோடு கட்ட வேண்டும். அசலே 33,192. வட்டி சேர்ந்தால் 42,000-ஐத் தாண்டுகிறது. சீட்டுப் பணம் கிட்டத்தட்ட காலி.

இதில் தங்கை பிடித்துக்கொண்டது, கணவருக்குப் பிறகு மனைவிக்கும் அதே தொகை வரும் என்பதை. இருவருக்கும் பிறகு நாமினிக்கு 8.5 லட்சம். அரசு உத்தரவாதம் வேறு. தினக்கூலிக்காரர் வீட்டில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

எனக்கு இடித்தது ஒன்றுதான். 24 வருடம் கழித்தும் அந்த 5,000 அப்படியே 5,000தான். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், அது இன்றைய 1,235 ரூபாய்க்குச் சமம். "அப்ப வேண்டாம்ங்கிறியாண்ணே?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போதிருக்கும் 1,000-ஐ அப்படியே விட்டால் அதன் மதிப்பு வெறும் 247 ஆகிவிடும். அது பூ வாங்கத்தான் காணும்.

சரி, ஆரிக்கு வருவோம். 25 நாள் வகுப்புக்கு 8,000 கேட்கிறார்கள். ஸ்டாண்டு, ஊசி, ஜரிகை, மணி எல்லாம் 4,000. நோட்டில் மாப்பிள்ளை எழுதாமல் விட்டது இன்னொன்று: அரை நாள் கடையை மூடினால் தினம் 500 ரூபாய் போகும். அது 12,500. ஆக 24,500.

வரவில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். லைனிங் பிளவுஸுக்கு அவர் கூலி 350. கழுத்திலும் கையிலும் ஆரி போட்டால் 2,500. கேட்டவுடன் ஏழு மடங்கு என்று தோன்றும். ஆனால் சாதா பிளவுஸ் நாளைக்கு மூன்று தைக்கிறார், 1,050 ரூபாய். ஆரிக்கு இரண்டரை நாள் குனிந்து உட்கார வேண்டும். சாமான் செலவு 400 போனால் நாளுக்கு 840தான் நிற்கிறது. புதிதாகக் கற்றவருக்கு அதுவும் வராது.

அப்புறம் எதற்குக் கற்க வேண்டும்? கல்யாணப் பெண்ணுக்கு ஆரி போட்டுத் தரும் கடைக்கே அந்த வீட்டின் பத்து சாதா பிளவுஸும் போய்விடுகின்றன. இவர் இப்போது ஆரி ஆர்டரை வெளியே கொடுத்து 200 ரூபாய் கமிஷன் வாங்குகிறார். வேலை தெரியாததால் சொன்ன விலைதான். மணி உதிர்ந்தால் திட்டு மட்டும் இவருக்கு. தானே கற்றுவிட்டால் விலை பேசலாம், தையல் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம், வீட்டிலிருந்து செய்யும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். லாபம் அவர் ஊசியில் இல்லை, ஆர்டர் எடுக்கும் வாயில் இருக்கிறது. (வகுப்பில் எல்லாம் கல்லூரிப் பெண்கள், நடுவில் மீசையோடு இவர். அது அவர் பாடு.)

35 வயதைத் தாண்டிய கைவினைஞர்களுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 மானியமும் உண்டு. எம்பிராய்டரி மெஷின் வாங்கும் யோசனை வந்தால் அதைப் பார்க்கலாம். இப்போதைக்குக் கடன் பேச்சே வேண்டாம் என்றேன். ஏற்கெனவே மூன்று வட்டிக்கு யாரிடமாவது வாங்கியிருந்தால் பென்ஷனும் வேண்டாம், ஆரியும் வேண்டாம், முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அப்படிக் கடன் எதுவும் இல்லையாம்.

என் தீர்ப்பு ஆரி பக்கம்தான். பென்ஷனை அடுத்த வருடமும் உயர்த்தலாம், கூட வட்டிதான் ஆகும். கண் அப்படிக் காத்திருக்காது. நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்துவிட்டால் அந்தப் பொடி மணியைக் கோக்கக் கற்பது பெரும்பாடு. கற்கும் மாதமும் தெரிந்ததே: பங்குனி, சித்திரையில் திருவிழாவுக்கு பக்தர்கள் போடும் அழகர் வேட உடுப்புத் தைக்கவே நேரம் இருக்காது, ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடை ஈயாடும்.

ஆனால் தங்கையையும் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. 1,000-ஐ 2,000 ஆக்கினால் மாதம் 231. பழைய வித்தியாசம் வட்டியோடு ஏறத்தாழ 10,600. இரண்டும் போக மீதி கிட்டத்தட்ட 10,000, தீபாவளிக்கு லைனிங் துணியும் நூலும் வாங்க.

மாப்பிள்ளை உடனே ஒத்துக்கொண்டார். தங்கை 3,000 கேட்டாள். வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும் என்றதும் எழுந்துபோய், அடுத்த வருடத்துக்கு ஞாபகமாக இந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டு வந்தாள்.