காலநிலை இடரை அளக்க எந்தத் தரவை நம்புவது? காப்பீட்டு நிறுவனங்களின் முன்னுள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

ஒரு வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு தர முன்வரும் நிறுவனத்துக்கு மூன்று விவரங்கள் தேவை. அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், அங்கே நிற்கும் கட்டடம் எத்தகையது, அவ்வளவு தண்ணீர் அந்தக் கட்டடத்தை எந்த அளவுக்குக் கெடுக்கும். காலநிலை மாற்றத்தால் முதல் விவரம் பழைய கணக்குக்குள் அடங்காமல் போய்க்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டும் பல நாடுகளில் என்றுமே ஒழுங்காகப் பதிவானதில்லை. இந்தக் குறையைச் சமாளிக்க இன்று கையிலிருக்கும் வழிகளை, எது எந்த விவரத்தைத் தருகிறது என்ற கேள்வியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பயனுள்ளது.

மிகப் பழைய வழி, நிறுவனம் தன் சொந்த இழப்பீட்டுக் கோரிக்கைப் பதிவுகளை நம்புவது. உண்மையில் நேர்ந்த சேதம் ரூபாய் அணா கணக்காக அதில் இருக்கிறது என்பதால் அதற்கு ஈடான சான்று வேறில்லை. ஆனால் காப்பீடு எடுக்காதவர்களின் இழப்பு அதில் இடம்பெறாது. அரிதாக வரும் பெரும் பேரிடருக்கு முப்பது, நாற்பது ஆண்டுப் பதிவும் போதாது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. முந்தைய பல ஆண்டுகள் பெரும் புயலின்றிக் கழிந்திருந்தன. அதே காலத்தில் கடலோரக் கட்டடங்களின் மதிப்போ பன்மடங்கு பெருகியிருந்தது. காப்பீடு செய்யப்பட்ட இழப்பு 1,500 கோடி டாலரைத் தாண்டியது; பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின.

அந்தப் புயலுக்கு முன்பே, 1987இல் தொடங்கப்பட்ட ஏஐஆர் நிறுவனம் கணினியில் பேரிடர் மாதிரிகளை உருவாக்கி வந்தது. ஆண்ட்ரூ கரையைக் கடந்ததும் இழப்பு 1,300 கோடி டாலரை மிஞ்சக்கூடும் என்று அது கணித்தபோது துறையில் பலர் நம்பவில்லை. பிறகு ஏறத்தாழ எல்லாரும் இரண்டாவது வழியான இந்த மாதிரிகளின் பக்கம் திரும்பினார்கள். நடந்த சில புயல்களை மட்டும் வைத்துக்கொள்ளாமல், நடக்கக்கூடிய ஆயிரக்கணக்கான புயல்களைச் செயற்கையாக உருவாக்கி, ஒவ்வொன்றும் ஏற்படுத்தும் இழப்பைக் கணக்கிடுவதே இவற்றின் முறை. அமெரிக்கச் சூறாவளி, ஐரோப்பியக் குளிர்காலப் புயல் போன்றவற்றில் இவை நன்கு தேர்ந்தவை. ஆலங்கட்டி மழை, திடீர் வெள்ளம், காட்டுத்தீ ஆகியவற்றில் அந்த நம்பகம் இல்லை. துறை இவற்றை ‘இரண்டாம் நிலை இடர்கள்’ என்று அழைக்கிறது. இந்தப் பெயர் இப்போது பொருத்தமாகவே இல்லை: ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனத்தின் கணக்கின்படி 2023இல் இயற்கைப் பேரிடர்களால் காப்பீட்டுத் துறைக்கு நேர்ந்த சுமார் 10,800 கோடி டாலர் இழப்பில், இடியும் ஆலங்கட்டியும் சேர்ந்த கடும் புயல்களின் பங்கு மட்டும் ஏறக்குறைய 6,400 கோடி டாலர்.

மாதிரியை விற்பவர்கள் அதிகம் பேசாத குறை ஒன்று உண்டு. கட்டடங்களின் விவரத்தை மாதிரிக்குத் தர வேண்டியது வாங்கும் நிறுவனம்தான். முகவரிக்குப் பதில் அஞ்சல் குறியீடு மட்டும் கொடுத்தால், அந்தக் கட்டடங்கள் அப்பகுதியின் மையப்புள்ளியிலோ ஏதோவொரு சராசரியிலோ வைக்கப்பட்டுவிடும். புயற்காற்றுக்கு இது பெரிய பிழையில்லை. வெள்ளத்துக்கோ ஆற்றங்கரை வீடும் ஐந்நூறு மீட்டர் தள்ளி மேட்டில் நிற்கும் வீடும் ஒன்றாகிவிடுகின்றன. தரைத்தளம் தெருமட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற கட்டம் காலியாக இருந்தால் மாதிரி ஓர் ஊகத்தை இட்டுக்கொள்ளும். முடிவில் வரும் தொகை மட்டும் தசமத் துல்லியத்தோடு வரும்.

மூன்றாவது வழி திறந்த தரவு. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 தொகுப்பு 1940 முதலான வானிலையை மணிவாரியாக, சுமார் 31 கிலோமீட்டர் கட்டங்களில், இலவசமாகத் தருகிறது. ஒப்பிட்டுச் சரிபார்க்க அருமையான கருவி. ஆனால் ஒரு நகரின் இரண்டு வார்டுகளில் மட்டும் கொட்டித் தீர்த்த மழை அந்தக் கட்டத்தின் சராசரியில் கரைந்துபோகும். தரையிலிருந்து வரும் அளவீடு குறைந்தால் எந்தத் தொகுப்பும் தடுமாறும்: உலக வானிலை அமைப்பு எடுத்துக்காட்டிய ஒரு கணக்கில், அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்த்து 636 வானிலை ரேடார்கள் இருக்க, ஆப்பிரிக்கா முழுமைக்கும் இருந்தவை 37. அரசுத் தரவு நின்றுபோகவும் கூடும். 100 கோடி டாலரைத் தாண்டிய பேரிடர்களை 1980 முதல் தொகுத்துவந்த பட்டியலை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 2025 மே மாதத்தில் நிறுத்தியது.

திறந்த ஆய்வு அரசு வரைபடத்தைத் திருத்திக் காட்டியதும் உண்டு. அமெரிக்க அரசின் வெள்ள வரைபடங்கள் 87 லட்சம் சொத்துகளை அபாயத்தில் உள்ளவையாகக் காட்டியபோது, ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு, மழைநீர் தேங்குவதையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2020இல் 1.46 கோடி என்றது.

நான்காவது, குறியீட்டுக் காப்பீடு. சேதத்தை மதிப்பிடாமல், காற்றழுத்தமோ மழையளவோ குறித்த எல்லையைத் தாண்டினால் பணம் தரப்படும். விரைவில் பணம் கிடைப்பது இதன் பெரும் சிறப்பு. ஆயினும் இது தரவின் குறையைத் தீர்ப்பதில்லை, நிறுவனத்தின் தோளிலிருந்து பாலிசிதாரரின் தோளுக்கு மாற்றுகிறது என்பதே என் கருத்து. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி ஜமைக்காவைச் சேதப்படுத்தியும், காற்றழுத்தம் நிபந்தனைக்குள் வராததால் அந்நாட்டின் 15 கோடி டாலர் பேரிடர்ப் பத்திரம் (முதலீட்டாளர்கள் போட்ட பணத்திலிருந்து பேரிடரின்போது இழப்பீடு தரும் ஏற்பாடு) எதுவும் தரவில்லை. 2025 அக்டோபரில் மெலிசா சூறாவளி வந்தபோது முழுத்தொகையும் கிடைத்தது. மலாவியின் கதை இன்னும் தெளிவானது. 2015-16 வறட்சியில் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வறட்சிக் காப்பீடு தரும் ஆப்பிரிக்க இடர்த் திறன் அமைப்பின், செயற்கைக்கோள் மழையளவை நம்பும் மாதிரி முதலில் இழப்பீடு இல்லை என்றது. நீண்டநாள் மக்காச்சோளம் பயிரானதாக மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது. உழவர்கள் விதைத்திருந்ததோ குறுகிய நாள் ரகம். கள ஆய்வுக்குப் பின்னரே சுமார் 81 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. அங்கே செயற்கைக்கோள் தன் வேலையைச் செய்தது, தெரியாமலிருந்தது விதை.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இடரைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். மாதிரிகள் முதிர்ந்த சந்தையில் புயற்காற்றுக்குக் காப்பீடு தரும் சிறு நிறுவனம் மாதிரியை விலைக்கு வாங்குவதே சரி. வெள்ளத்துக்குத் தருவதானால், கூடுதலாக இன்னொரு மாதிரிக்குக் கட்டும் தொகையைச் சரியான முகவரிக்கும் தரைத்தள உயரத்துக்கும் முதலில் செலவிடலாம். மாதிரியே இல்லாத நாடுகளில் திறந்த தரவும் குறியீட்டுக் காப்பீடும்தான் கைகொடுக்கும். ஆனால் களத்தில் சரிபார்த்து முடிவை மாற்றலாம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நிறுவனங்கள் தம் கோரிக்கைப் பதிவுகளைப் பெயர் நீக்கிப் பகிர்ந்துகொள்வது, விலைக்குக் கிடைக்கும் எதையும்விட அதிகம் உதவும். ஐரோப்பாவில் 2009 முதல் சூரிச்சிலிருந்து இயங்கும் பெரில்ஸ் நிறுவனம் இப்படித்தான் காப்பீட்டாளர்களிடமிருந்து இழப்புத் தரவைத் திரட்டி, துறையின் மொத்தக் கணக்கை வெளியிடுகிறது. போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்று பதிவுகளைப் பூட்டிவைக்கும் சந்தைகளில் அதற்கு இணையான ஏற்பாட்டை ஒழுங்குமுறை ஆணையங்கள்தாம் தொடங்கிவைக்க வேண்டியிருக்கும்.